எண்ணத் தெரிந்தவர்களின் அரசியல்

2017 நவம்பர் இறுதியில், சென்னைத் தேனாம்பேட்டையில் டிஎம்எஸ் என்னும் மருத்துவ சேவைகள் இயக்குநரக வளாகத்தில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வெழுதி 2015-இல் வேலைக்கு வந்தவர்கள் அவர்கள். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டு கழிந்தால் பணி நிரந்தரம் என்பது அவர்களுக்குத் தரப்பட்ட வாக்கு. இரண்டு ஆண்டு கழிந்தது; பெரும்பாலோருக்கு வாக்கு நிறைவேறவில்லை. உயர் நீதிமன்றம் போராட்டத்துக்குத் தடை விதித்ததும் எழுந்து வார்டுகளுக்குத் திரும்பினார்கள். அந்த நாட்களில் டீக்கடையிலும் பேருந்திலும் காதில் விழுந்த கேள்வி ஒன்றுதான்: "நோயாளியை விட்டுவிட்டு இப்படி வந்து உட்காரலாமா?"

அந்தக் கேள்வியை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குள் ஒரு பழைய அநியாயமும் ஒளிந்திருக்கிறது. மருத்துவர் செய்வதைத் தொழில் என்கிறோம், செவிலியர் செய்வதைச் சேவை என்கிறோம். தொழிலுக்குக் கூலி உண்டு, விதி உண்டு, பேரம் உண்டு. சேவைக்குப் பாராட்டு மட்டும் போதும் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். கொரோனா காலத்தில் கைதட்டியதும் அதனால்தான். உரிமை என்று வாய் திறந்தால் முகம் சுளிப்பதும் அதனால்தான். எனவே செவிலியர்கள் அரசியல் பேசலாமா என்பது இங்கே கேள்வியே இல்லை. எந்த அரசியல் அவர்களுக்கு வலு சேர்க்கிறது, எது அவர்களையும் நோயாளியையும் சேர்த்துக் கீழே தள்ளுகிறது என்பதைத்தான் எடைபோட வேண்டும்.

இந்தத் தொழிலுக்கு அரசியல் புதிதல்ல. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் கையில் விளக்கோடு நிற்கும் உருவம் நினைவுக்கு வருகிறது. கிரிமியப் போரிலிருந்து 1856-இல் திரும்பிய பிறகு அவர் கையில் இருந்தது விளக்கல்ல, கணக்கு. போரில் செத்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் பெரும்பாலோர் குண்டடியால் சாகவில்லை, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் செத்தார்கள் என்பதை எண்ணிக் காட்டினார். அந்த எண்களை வட்ட வரைபடங்களாக்கி 1858-இல் அமைச்சர்கள் முன் வைத்தார். இராணுவச் சுகாதாரத்தை விசாரிக்க அரச ஆணையம் 1857-இல் அமைந்ததற்கு அவருடைய விடாப்பிடியான வற்புறுத்தலும் காரணம். தமிழில் 'எண்' என்ற ஒரே வேர்ச்சொல் கணக்கையும் சிந்தனையையும் குறிக்கிறது. நைட்டிங்கேலிடம் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. ஆனால் அதே நைட்டிங்கேல், செவிலியர்களைச் சட்டப்படி பதிவு செய்யவேண்டும் என்ற கோரிக்கையைக் கடைசிவரை எதிர்த்தார். எதெல் பெட்ஃபோர்டு ஃபென்விக் போன்ற செவிலியர்கள் முப்பது ஆண்டுக்கும் மேலாகப் போராடி 1919-இல்தான் பிரிட்டனில் பதிவுச் சட்டம் வந்தது. இந்த அரசியலின் முதல் பலமான கணக்கும், முதல் பலவீனமான உட்பிளவும் அதன் பிறப்பிலேயே இருந்தன என்று இதைப் படிக்கலாம்.

கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்றுவரை ஆகச் சிறந்த சான்று கலிஃபோர்னியா. 1990-களில் அமெரிக்க மருத்துவமனைகள் செலவைக் குறைப்பதற்காகச் செவிலியர்களைக் குறைத்தன. இருந்தவர்கள் தலையில் நோயாளிகள் கூடினார்கள். கலிஃபோர்னியச் செவிலியர் சங்கம் 1995-இல் தேசியத் தாய்ச்சங்கத்திலிருந்து பிரிந்து தனி வழி நடந்தது. அதன் முதன்மைக் கோரிக்கை சம்பளம் பற்றியதன்று. ஒரு செவிலியரிடம் ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை நோயாளிகளை ஒப்படைக்கலாம் என்பதைச் சட்டம் சொல்லவேண்டும் என்பதே அது. முந்தைய ஆளுநர் இதுபோன்ற மசோதாவை நிராகரித்தார். அடுத்து வந்த கிரே டேவிஸ் 1999 அக்டோபரில் கையெழுத்திட்டார். அதன்பின் எண் எது என்ற சண்டை தொடங்கியது. பொது வார்டில் ஒருவருக்குப் பத்து நோயாளி என்றது மருத்துவமனைகள் தரப்பு. மூன்று என்றது சங்கம். 2004 ஜனவரியில் ஒன்றுக்கு ஆறு என்று நடைமுறைக்கு வந்து, அடுத்த ஆண்டு ஐந்தாகக் குறைய வேண்டும் என்பது முடிவு. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு, குழந்தைகள் வார்டில் நான்கு. செவிலியர் சாப்பிடப் போகும் நேரத்திலும் இந்த எண் மீறப்படாமல் இருக்கவேண்டும் என்பதை நீதிமன்றமும் உறுதிசெய்தது.

அதற்குள் ஆளுநர் மாறிவிட்டார். 2004 நவம்பரில் ஆர்னால்டு ஷ்வார்ஸ்நெகர் அவசர ஆணை போட்டு, ஐந்தாகக் குறைப்பதை நிறுத்தி வைத்தார். அடுத்த மாதம் லாங் பீச்சில் நடந்த மகளிர் மாநாட்டில் செவிலியர்கள் பதாகை விரித்துக் குரல் எழுப்பியபோது, இவர்கள் தங்கள் நலனுக்காகக் கத்தும் கூட்டம் என்ற பொருளில் மேடையிலிருந்தே ஏளனம் செய்தார். அன்று உலகில் அவரைத் தெரியாத ஆளில்லை. ஆனால் அடுத்த ஓராண்டு அவர் நிதி திரட்டப் போன இடமெல்லாம் சீருடையில் செவிலியர்கள் நின்றார்கள். 2005 மார்ச்சில் நீதிமன்றம் அவர் ஆணையைச் செல்லாததாக்கியது. அந்த நவம்பரில் அவர் முன்னின்று மக்கள் வாக்குக்கு வைத்த நான்கு தீர்மானங்களும் தோற்றன. அதோடு செவிலியர் விகிதத்துக்கு எதிரான வழக்கையும் கைவிட்டார்.

இந்த வெற்றியின் உட்பொருளைக் கவனிக்க வேண்டும். சம்பளம் கேட்டால் அரசு ஒருமுறை கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ளலாம். அடுத்த விலைவாசி உயர்வில் அது கரைந்துபோகும். எண்ணிக்கை கேட்டால் ஒவ்வொரு ஷிஃப்டிலும், ஒவ்வொரு வார்டிலும் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். அது நோயாளிக்கும் பொதுவான கோரிக்கை. அப்பாவை வார்டில் சேர்த்துவிட்டு இரவு முழுதும் ட்ரிப்ஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மகளுக்கு, 'ஒருவருக்கு ஐந்து' என்பதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஆய்வுகளும் துணைக்கு வந்தன. லிண்டா அய்க்கன் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வு, அறுவை சிகிச்சைப் பிரிவில் ஒரு செவிலியருக்குக் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு நோயாளிக்கும், 30 நாட்களுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று கண்டது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து 2016-இல் பகல் ஷிஃப்டில் ஒருவருக்கு நான்கு, இரவில் ஏழு என்று சட்டம் செய்தது. அங்கே மரணம் குறைந்ததையும், கூடுதல் செவிலியருக்கான செலவைவிட மிச்சமான தொகை அதிகம் என்பதையும் 2021-இல் வந்த ஆய்வு காட்டியது. நைட்டிங்கேல் தொடங்கிய கணக்கின் நேர் வாரிசுகள் இவை.

இனி மறுபக்கம். குறைகளில் முதலாவது, எண் என்பது மொட்டையான கருவி. ஒரு வார்டில் ஐந்து நோயாளிகளில் மூவர் எழுந்து நடமாடுவார்கள். இன்னொரு வார்டில் ஐவரும் மூச்சுக்குத் திணறுவார்கள். சட்டம் இரண்டையும் ஐந்து என்றே எண்ணும். கலிஃபோர்னியாவில் செவிலியர் எண்ணிக்கையைக் காக்கும் அவசரத்தில் சில மருத்துவமனைகள் உதவியாளர்களைக் குறைத்தன; அவர்கள் செய்த வேலையும் செவிலியர் தலையில் விழுந்தது. படுக்கைப்புண் வருவது, நோயாளி தவறி விழுவது போன்றவற்றில் தெளிவான முன்னேற்றம் தெரியவில்லை என்று அங்கேயே சில தொடக்க ஆய்வுகள் சொல்லின. செவிலியர் அரசியல் தன் கணக்கில் ஆயாவையும் வார்டுபாயையும் சேர்க்கத் தவறினால், அது மேல்தட்டுச் செவிலியரின் அரசியலாகச் சுருங்கிவிடும்.

இரண்டாவது குறை, உட்பிளவு. மாசசூசெட்ஸில் 2018-இல் இதே விகிதச் சட்டம் பொதுவாக்கெடுப்புக்கு வந்தது. மாநிலச் செவிலியர் தொழிற்சங்கம் ஆதரித்தது. அமெரிக்கச் செவிலியர் கழகத்தின் அதே மாநிலக் கிளை எதிர்த்தது. இரு தரப்பு விளம்பரங்களிலும் செவிலியர்களே பேசினார்கள். ஆண்டுக்கு 67 கோடி டாலருக்குமேல் செலவாகும் என்று மாநிலச் சுகாதாரக் கொள்கை ஆணையம் மதிப்பிட்டதும் குழப்பம் முற்றியது. பத்தில் ஏழு பேர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். எதிராளியின் பணபலம் ஒரு காரணம்தான். ஆனால் படுக்கையருகே நிற்கும் இருவர் எதிரெதிராகப் பேசினால் நோயாளியின் குடும்பம் யாரை நம்பும்? கலிஃபோர்னியாவுக்கு இருபது ஆண்டுக்கும் மேல் கழித்து 2023-இல்தான் இன்னொரு அமெரிக்க மாநிலமான ஆரிகனால் இப்படி விரிவான சட்டம் செய்ய முடிந்தது என்பதை மறக்கக்கூடாது.

மூன்றாவது, எல்லாவற்றிலும் கனமானது, வேலைநிறுத்தம். டீக்கடையில் கேட்ட கேள்விக்கு இங்கேதான் நேர்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும். நியூயார்க் மாநில மருத்துவமனைகளில் 1984 முதல் 2004 வரை நடந்த செவிலியர் வேலைநிறுத்தங்களை ஜொனாதன் க்ரூபரும் சாமுவேல் கிளைனரும் ஆராய்ந்தார்கள். வேலைநிறுத்த காலத்தில் சேர்ந்த நோயாளிகளிடையே மருத்துவமனை மரணம் சுமார் 18 சதவீதம் கூடியிருந்தது. தற்காலிக ஆட்களை வைத்துச் சமாளித்த மருத்துவமனைகளும் விதிவிலக்கல்ல. செவிலியர் பக்கம் நிற்கும் நான் இந்த எண்ணை மறைக்க விரும்பவில்லை. மறைத்தால், குறைந்த செவிலியரால் உயிர் போகிறது என்று சொல்லும் எண்ணையும் சொல்லும் உரிமை எனக்குப் போய்விடும். இரண்டும் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன: செவிலியர் இல்லாத படுக்கை ஆபத்தான படுக்கை. வேலைநிறுத்தம் அந்த ஆபத்தைச் சில நாட்களுக்கு வெளிப்படையாக்குகிறது. ஆட்குறைப்பு அதை ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் செய்கிறது. முன்னதைக் கண்டிப்பவர் பின்னதையும் கண்டிக்கக் கடமைப்பட்டவர்.

இந்த நெருக்கடியை நிதானத்தோடு கையாளவும் வழி உண்டு. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் 1916-இல் தொடங்கிய அமைப்பு. வேலைநிறுத்தம் கூடாது என்ற தன் விதியை 1995-இல் நீக்கியும், 2022 டிசம்பரில்தான் முதன்முதலாக இங்கிலாந்தில் வேலைநிறுத்தம் செய்தது. அப்போதும் தீவிர சிகிச்சை, டயாலிசிஸ், கீமோதெரபி போன்ற பிரிவுகளுக்கு விலக்கு அளித்தது. ஆயினும் கேட்டது கிடைக்கவில்லை. 2023 ஜூனில் நடத்திய மறுவாக்கெடுப்பில் சட்டம் கோரும் பாதிப் பேர்கூட வாக்களிக்காததால் போராட்டம் ஓய்ந்தது. நிதானம் மட்டுமே வெற்றி தராது. அவர்கள் பேச்சில் நோயாளிப் பாதுகாப்பு இருந்தது உண்மை. ஆனால் பேரப் பேச்சு சம்பள சதவீதத்தைச் சுற்றியே நடந்ததால் மக்கள் நினைவில் நின்றது சதவீதம்தான்.

நம் பக்கம் வருவோம். கேரளத்தில் 2011, 2012-இல் தனியார் மருத்துவமனைச் செவிலியர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கடன் வாங்கிப் படித்தவர்கள், சில ஆயிரம் ரூபாய்க்கு வேலை பார்த்தவர்கள், பாண்டு என்ற பெயரில் சான்றிதழ்களைப் பறிகொடுத்தவர்கள். 2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த மத்தியக் குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. 200 படுக்கைக்குமேல் இருந்தால் அரசுச் செவிலியருக்குச் சமமான சம்பளம். பரிந்துரை காகிதத்திலேயே தூங்கியது. 2018 ஏப்ரலில் கேரளச் செவிலியர்கள் சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடைபயணம் கிளம்பத் தயாரானபோது, கிளம்புவதற்கு முந்தைய இரவில் மாநில அரசு குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையை வெளியிட்டது. மிகப் பெரிய வெற்றிதான், ஐயமில்லை. பிள்ளைகளுக்குப் பால் வாங்கமுடியாத சம்பளத்தில் இருப்பவரிடம் விகிதம் பேசு, சட்டம் பேசு என்று உபதேசம் செய்ய எனக்கு மனம் வராது. பசி முதலில் பேசும், பேசட்டும்.

ஆனால் பசியோடு முடிந்துவிடக் கூடாது. பொது வார்டில் எத்தனை நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பதற்கு இந்தியச் செவிலியர் கவுன்சிலின் நெறிமுறைகள் உண்டு. கலிஃபோர்னியா போராடிப் பெற்ற எண்ணைவிட அவை ஒன்றும் தாழ்ந்தவை அல்ல. ஆனால் மீறினால் எந்த மருத்துவமனையின் கதவும் மூடாது, எந்த அதிகாரியின் நாற்காலியும் ஆடாது. அங்கே எண் சட்டம். இங்கே எண் ஆலோசனை. இரவு ஷிஃப்டில் நாற்பது நோயாளிக்கு ஒரு ஸ்டாஃப் நர்ஸ் என்பதை நம்மில் எத்தனையோ பேர் கண்ணால் கண்டிருக்கிறோம். அதை விதிமீறல் என்று நினைக்கக்கூட நமக்குத் தோன்றியதில்லை.

டிஎம்எஸ் வளாகத்தில் அமர்ந்தவர்களின் கோரிக்கை முழுக்க நியாயமானது. அது பணி நிரந்தரம் என்ற சொல்லில் மட்டும் நின்றதுதான் அதன் குறை. தொகுப்பூதியச் செவிலியர் நாளை வேறு வேலை தேடிப் போய்விட்டால் அந்த வார்டில் யார் நிற்பார்கள் என்பதை நோயாளியிடம் அவர்கள் எடுத்துச் சொல்லியிருந்தால், 'விட்டுவிட்டு வரலாமா' என்ற கேள்வி அரசைப் பார்த்துத் திரும்பியிருக்கும்.

அதற்கான ஆயுதம் அவர்கள் கையிலேயே இருக்கிறது. தினமும் டூட்டி மாறும்போது ஒவ்வொரு வார்டிலும் ஒரு செவிலியர் நோட்டில் எழுதுகிறார்: மொத்தம் இத்தனை நோயாளி, புதிதாய்ச் சேர்ந்தவர் இத்தனை பேர், இறந்தவர் இத்தனை பேர். அதே பக்கத்தில், அன்று அங்கே நின்ற செவிலியர் எத்தனை பேர் என்று இன்னொரு வரி சேரட்டும். தமிழ்நாட்டின் எல்லா வார்டு நோட்டுகளிலும் அந்த வரி சேர்ந்து, அது மக்கள் முன் வந்தால், எந்த அரசும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. எண்ணுவது செவிலியருக்குப் பழகிய வேலை. அந்த எண்ணை உரக்கச் சொல்வதுதான் இனி அவர்களுடைய அரசியல்.