சிற்பி வகுத்த எல்லை

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில், வலப்புறம் நிற்கும் பெரிய யானையின் அருகே ஒரு பூனை பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கிறது. முன்னங்கால்கள் தலைக்கு மேல் உயர்ந்திருக்கின்றன, சுற்றிலும் எலிகள். இந்தப் பூனையை மட்டும் நெருக்கமாக வெட்டியெடுத்த படத்தை எத்தனையோ புத்தகங்களில் பார்க்கலாம். தனியே பார்த்தால் அது ஒரு குறும்பு, அவ்வளவுதான். ஆனால் பாறையின் நடுப்பிளவைத் தாண்டி இடப்பக்கம் மேலே பார்த்தால், எலும்பும் தோலுமான ஒரு தவசி ஒற்றைக் காலில் நின்று கைகளை உயர்த்தியிருக்கிறார். பூனை அவரைப் பார்த்துத்தான் அப்படி நிற்கிறது. ஏறத்தாழ 90 அடி நீளப் பாறையின் இரு பகுதிகளுக்கு இடையே சிற்பி கட்டிய தொடர்பு இது. பூனையை வெட்டி எடுத்ததும் அந்தத் தொடர்பு அறுந்துபோகிறது. தவசி யார் என்பதும் படத்தின் ஓரத்தைப் பொறுத்தே மாறுகிறது. அவரையும் பக்கத்தில் நிற்கும் சிவனையும் மட்டும் காட்டினால் பாசுபதம் வேண்டி நிற்கும் அர்ச்சுனன். நடுப்பிளவில் மேலெழும் நாகர்களையும், நீர் தேக்கிவிட்டதாகக் கருதப்படும் பாறை உச்சியையும் சேர்த்துக் காட்டினால் கங்கையை வரவழைக்கும் பகீரதன். அறிஞர்கள் இன்னும் முடிக்காத வழக்கு இது. படத்தை வெட்டுபவரோ, தாம் தீர்ப்பளிக்கிறோம் என்பதை அறியாமலே அதை முடித்துவிடுகிறார்.

கோயில் சிற்பத்துக்கு ஓரம் வகுக்கும் முதல் ஆள் புகைப்படக்காரர் அல்ல. சிற்பியும் ஸ்தபதியும் அதை ஏற்கெனவே வகுத்திருக்கிறார்கள். சுவர் மாடமான தேவகோட்டத்தில் அமர்ந்திருக்கும் தட்சிணாமூர்த்திக்கு இருபுறமும் அரைத்தூண்கள், மேலே மகர தோரணம், கீழே அதிட்டானத்தின் குமுதமும் பட்டிகையும், அவற்றின் மேல் ஓடும் கல்வெட்டு வரிகள். செப்புத் திருமேனிக்குத் தாமரைப் பீடமும் திருவாசியும். இவை அலங்காரத்துக்காகப் பின்னால் சேர்ந்தவை அல்ல. சிற்பம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று செய்தவரே சொல்லிவைத்த எல்லை. கோயிலையும் சிலையையும் படமெடுக்கும்போது எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதை இந்த எல்லையை வைத்தே மதிப்பிட வேண்டும் என்பது என் வாதம். மூன்றில் ஒரு பங்கு விதி போன்ற பொதுவான அழகு விதிகள் அதற்கு அடுத்த இடத்தில்தான் வரும்.

அதற்காக வெட்டுவதே குற்றம் என்று சொல்லிவிட முடியாது. பிரெஞ்சுச் சிற்பி ரோதான் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சென்னை அருங்காட்சியகத்து நடராசரை அவர் அறிந்தது புகைப்படங்களில்தான். அவற்றைப் பார்த்து 1913-இல் அவர் எழுதிய கட்டுரை, அவர் மறைவுக்குப் பின் 1921-இல் வெளிவந்தது. முகம், உதடு, கால்கள் என்று உறுப்பு உறுப்பாக நின்று நிதானித்துப் பார்க்கிறது அந்தக் கட்டுரை. இப்படிப் பார்க்கக் கற்றுத்தருவது நெருக்கப் படத்தின் பெரும் பலம். எண்ணெய்ப் பிசுக்கும் இருட்டும் படிந்த மண்டபத்தில், கண்ணால் பிடிக்க முடியாத விரல் மடிப்பைப் பக்கவாட்டு வெளிச்சமும் நெருங்கிய கட்டமும் நம் முன் கொண்டுவந்து வைக்கின்றன. நம் வழிபாட்டுக்கும் இது அந்நியமல்ல. தீபாராதனையில் தட்டு முகத்தருகே நிற்கும்போது முகம் தெரிகிறது. பாதத்துக்கு இறங்கும்போது பாதம் தெரிகிறது. வெளிச்சமே ஒரு கட்டம் போட்டுக் காட்டுகிறது. ஆனால் அந்தத் தட்டு நகர்ந்துகொண்டே இருக்கும், வெட்டிய படமோ ஓரிடத்திலேயே நின்றுவிடும்.

சேதம் அங்கேதான் தொடங்குகிறது. கறுப்புத் துணிக்கு முன் நிறுத்தி, பீடத்தின் அடியை வெட்டி, இடுப்புக்கு மேலே மட்டும் அச்சிட்ட உற்சவரை எண்ணிப் பாருங்கள். பீடத்தில் இருக்கும் வளையங்களும் துளைகளும் அவரைத் தண்டில் கட்டி வீதிக்குத் தூக்கிப் போனதற்குச் சாட்சி; அவை போய்விட்டன. பீடத்தில் எழுத்து இருந்திருந்தால் அதுவும் போனது. எஞ்சுவது ஊரும் பேரும் இல்லாத ஓர் அழகிய உலோக உடல். ஊரும் பேரும் இல்லாத பொருள்தான் சந்தைக்கு வசதி. இதற்கு நேர் எதிரான வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் செய்தது. 1956-இல் தொடங்கி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை அது சேர்த்திருக்கிறது. நேரே நின்று சுவரோடும் கோட்டத்தோடும் எடுத்த எளிய படங்கள் அவற்றில் ஏராளம். விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் கல் அர்த்தநாரீசுவரர் அப்படி 1974-இல் பதிவானார். பின்னர் அவர் களவுபோய் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் இருந்தபோது, அவர் எங்கே இருந்தவர் என்பதற்கு அந்தப் பழைய பதிவு சான்றாக நின்றது. 2014-இல் அவர் இந்தியாவுக்குத் திரும்பினார்.

கட்டடத்தில் சிக்கல் வேறு மாதிரி. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் பக்கங்கள் ஏறக்குறைய நேர்க்கோட்டில் கூம்பி உயர்கின்றன. கங்கைகொண்ட சோழபுரத்து விமானமோ உள்வாங்கிய வளைவோடு எழுகிறது. இவற்றைக் கட்டிய தந்தைக்கும் மகனுக்கும் இடையில் சோழக் கட்டடக்கலை எடுத்த திருப்பத்தை இந்த ஒரு கோட்டிலேயே படிக்கலாம். அடியில் நின்று வைட் ஆங்கிள் லென்ஸை அண்ணாந்து பிடித்தால் இரண்டும் ஒரே மாதிரி பின்னுக்குச் சாய்ந்த முக்கோணங்களாகிவிடும். பிறகு மென்பொருளில் நிமிர்த்தினால் மேல்நிலைகள் இழுபட்டு அளவு கெடும். தூரம் போய், கூடுமானவரை உயரமான இடத்தில் நின்று எடுப்பதற்கு மாற்று இல்லை. மின்கம்பியையும் குழல்விளக்கையும் தவிர்க்க நகர்ந்து நிற்பதில் எனக்கு மறுப்பில்லை. மனிதர்களையும் சேர்த்துத் துடைப்பதுதான் உறுத்துகிறது. தொடக்ககாலப் படங்களில் கோயில்கள் வெறிச்சோடித் தெரிவதற்கு ஒரு காரணம், நீண்ட நேரத் திறப்பில் நடமாடுகிறவர்கள் பதிய மாட்டார்கள் என்பது. அன்றைய கருவியின் குறை இன்று ரசனையாகிவிட்டது. ஆள் இல்லாத படத்தில் கோபுரத்தின் உயரத்தை அளக்கக் கண்ணுக்குப் பிடிமானம் இல்லை.

எந்தப் படமும் ஒரு வெட்டுத்தானே, முழுப்படம் என்று ஒன்று உண்டா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆவணம் எடுத்தவர்களும் கை வைக்காமல் இருந்ததில்லை. சென்னை மாகாண அரசுப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் தம் நெகடிவ்களில் மேகங்களை வண்ணத்தால் தீட்டிச் சேர்த்தவர். ஆனால் 1858-இல் தஞ்சை விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டை எடுத்தபோது, ஒரே படத்தில் அடங்காது என்று கண்டு, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளப் பட்டையாக்கினார். காகிதத்தின் அளவுக்குக் கல்லை வெட்டாமல், கல்லின் அளவுக்குக் காகிதத்தை நீட்டினார். முழுமை கைகூடாது என்பது உண்மைதான். அதைக் காரணமாக்கி, சிற்பி வகுத்த எல்லையைக் கூடக் கவனியாமல் விடுவதற்கு டிரைப்பின் பட்டை இடம் கொடுக்கவில்லை. இடமும் பணமும் இல்லை என்று பதிப்பகங்கள் சொல்லும் சமாதானமும் இன்று செல்லாது. நெருக்கப் படத்தின் ஓரத்தில் விரல் அகல முழுப்படம் ஒன்று போதும், பூனைக்கு அதன் தவசி திரும்பக் கிடைப்பார்.

ஆகவே கேமராவோடு கோயிலுக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். முதல் படத்தைக் கோட்டத்தின் இரு அரைத்தூண்களும் அடியிலுள்ள கல்வெட்டும் தெரியும்படி எடுங்கள். ஊர், கோயில், எந்தத் திசைச் சுவர், எந்தத் தேதி என்று குறித்து, வெட்டாமல் வைத்துவிடுங்கள். அதன் பிறகு முகத்துக்கு அருகே போங்கள்.