இன்டர்காம் பெட்டியும் லேன் கம்பியும்

வடசென்னையில் பெரம்பூர் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலை வளாகத்தின் பரப்பு அந்தப் பக்கம் போய்வந்தவர்களுக்குத் தெரியும். 1955 அக்டோபர் 2 அன்று ஷெல் பிரிவோடு தொடங்கி, 1962-இல் ஃபர்னிஷிங் பிரிவும் சேர்ந்து விரிந்த இடம் அது. கேரேஜ் வொர்க்ஸ், லோகோ வொர்க்ஸ், திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து ஆலைகள் எல்லாமே ஏறக்குறைய இதே அமைப்புதான். அலுவலகம் ஒரு கோடியில் இருக்கும், ஷெட்டும் ஸ்டோரும் வேறு கோடியில். இப்படிப்பட்ட வளாகங்களில், உள் தொலைபேசிகளை இணைக்கும் ஈபிஏபிஎக்ஸ் பெட்டி நிற்கும் அறைக்கும், அதன் அழைப்புக் கணக்கைப் பார்க்க வேண்டிய கணினிக்கும் நடுவே நூறு, இருநூறு மீட்டர் இடைவெளி இருப்பது சாதாரணம். ஆனால் அந்தப் பெட்டி கணக்கைத் தருவது ஆர்எஸ்-232 சீரியல் போர்ட் வழியாக. அந்தத் தரநிலை 1960-இல் வந்தது. 1969-இல் வெளியான அதன் 'சி' பதிப்பு கேபிளுக்கு வகுத்த அளவு ஏறத்தாழ 15 மீட்டர்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் சீரியல்-டு-லேன் கன்வெர்ட்டர் வந்தது. பெட்டியின் ஒன்பது முனை போர்ட்டில் ஒரு பக்கத்தையும் ஆபீஸ் நெட்வொர்க்கில் மறுபக்கத்தையும் செருகிவிட்டால், பெட்டி எழுதும் ஒவ்வொரு எழுத்தும் டிசிபி வழியாகப் பில்லிங் கணினிக்குப் போய்விடும். ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கி வந்து மாட்டிவிடலாம். இந்த வழக்கத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனால் இதை எந்தப் போர்ட்டில், எப்படி மாட்டுகிறோம் என்பதில் நம் அலுவலகங்கள் காட்டும் அலட்சியத்தை ஏற்க முடியவில்லை.

முதலில் இதன் நன்மை. தூரம் குறைகிறது என்பதை எல்லோரும் சொல்வார்கள். வடசென்னைக்கு அதைவிட முக்கியமானது மின் பாதுகாப்பு. ஆர்எஸ்-232-இல் இரு முனைகளும் ஒரே கிரவுண்டைப் பகிர்ந்துகொள்கின்றன. வெல்டிங் மிஷின் ஓடும் ஷெட்டின் எர்த்தும் அலுவலகக் கட்டடத்தின் எர்த்தும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. அந்த வித்தியாசத்தால் நீளமான சீரியல் கேபிளின் கிரவுண்ட் கம்பி வழியே மின்னோட்டம் பாயும்; பக்கத்தில் இடி விழுந்தால் போர்ட்டே எரிந்துபோகும். ஈத்தர்நெட்டில் ஒவ்வொரு முனையிலும் 1,500 வோல்ட் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் பிரிப்பு உண்டு. 100 மீட்டருக்கு மேல் போக ஃபைபர் போட்டால் இரு கட்டடங்களுக்கும் மின் தொடர்பே இராது. நூற்றுக்கணக்கான அனலாக் எக்ஸ்டென்ஷன்கள் தாமிரக் கம்பியில் ஓடும் பழைய தொழிற்சாலையில், பெட்டியையே தூக்கிவிட்டு ஐபி தொலைபேசிக்கு மாறுங்கள் என்பது சொல்ல எளிது, செலவோ பெரிது. நன்றாக ஓடும் பெட்டியின் ஆயுளை ஒரு சின்னக் கருவி நீட்டித்துத் தருமென்றால் அது நல்ல பொறியியல்தான்.

குறை தொடங்கும் இடம் வேறு. சீரியல் போர்ட்டில் பெட்டி ஒரு வரியை எழுதுகிறது, பிறகு மறந்துவிடுகிறது. யாராவது வாங்கிக்கொண்டார்களா என்று கேட்கும் ஏற்பாடு பெரும்பாலான பெட்டிகளில் இல்லை. நேரடிக் கேபிள் இருந்த காலத்தில் இது பெரிதாகத் தெரியவில்லை. நெட்வொர்க் நடுவே வந்ததும் தெரிகிறது. ஈபிஏபிஎக்ஸ் பேட்டரியில் ஓடும். கரண்ட் போனாலும் அழைப்புகள் தொடரும். ரேக்கில் இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுக்கு யுபிஎஸ் இல்லையென்றால் அந்த நேரத்துக் கணக்கு முழுவதும் காற்றில் போகும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தது போன்ற நாளில், யார் யாரை அழைத்தார்கள் என்ற பதிவு மிகவும் தேவைப்படும்போதே அது இல்லாமல் போகிறது.

இன்னொன்று, டிசிபிக்கு வரி என்று ஒன்று கிடையாது, எழுத்துகளின் ஓட்டம் மட்டும்தான். 9,600 வேகத்தில் 80 எழுத்துள்ள ஒரு பதிவு வந்துசேர ஒரு நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் கன்வெர்ட்டர் பாதியை ஒரு பொட்டலமாகவும் மீதியை இன்னொன்றாகவும் அனுப்பிவிடலாம். வரி முடிவுக்குக் காத்திருக்காத சாஃப்ட்வேர் இதை இரண்டு உடைந்த அழைப்புகளாகப் பதியும். பில்லிங் கணினி திடீரென்று அணைந்து மீண்டும் எழுந்தால், பழைய இணைப்பு உயிரோடிருப்பதாகக் கன்வெர்ட்டர் நம்பிக்கொண்டு புதிய இணைப்பை மறுப்பதும் உண்டு. லினக்ஸில் இறந்த இணைப்பைச் சோதிக்கத் தொடங்கவே இயல்பு அமைப்பில் 2 மணி நேரம் ஆகும். இவையெல்லாம் அமைப்பைத் திருத்தினால் சரியாகக் கூடியவை. திருத்துவார் இல்லாததுதான் பிரச்சினை.

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது புரோகிராமிங் போர்ட். கணக்கு வெளியே வரும் போர்ட்டும், பெட்டியை மாற்றியமைக்க உள்ளே போகும் போர்ட்டும் ஒன்றல்ல. ஆனால் பராமரிப்பு டெக்னீஷியன் நேரில் வர வேண்டாமே என்று இரண்டாவதையும் அதே கன்வெர்ட்டரில் மாட்டி, இன்டர்நெட்டுக்கும் திறந்துவிடுகிறார்கள். கடவுச்சொல் பெட்டியைத் தயாரித்தவர் வைத்ததாகவே இருக்கும். உள்ளே வந்தவன் ஓர் எக்ஸ்டென்ஷனை வெளிநாட்டு எண்ணுக்குத் திருப்பிவிட்டால் போதும். ஞாயிறு இரவு முழுக்க ஓடிய ஐஎஸ்டி கட்டணம் நிறுவனத்தின் தலையில் விழும். 2013-இல் ரேபிட்7 நிறுவனத்தின் எச்.டி. மூர் உலகம் முழுவதும் தேடியபோது, இன்டர்நெட்டில் தெரிந்த சீரியல் சர்வர்கள் 1,14,000-க்கும் மேல். அவற்றில் 13,000-க்கும் மேற்பட்ட இடங்களில், பின்னாலிருந்த கருவி கடவுச்சொல்லே கேட்காமல் உள்ளே விட்டது. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் ஏறத்தாழ 2,25,000 நுகர்வோருக்கு மின்சாரம் நின்றபோது, துணை மின்நிலையங்களின் இதே வகைக் கன்வெர்ட்டர்களின் ஃபர்ம்வேரைத் தாக்கியவர்கள் அழித்திருந்தார்கள். ஊழியர்கள் நேரில் போய்க் கையால்தான் பிரேக்கரைப் போட வேண்டியிருந்தது. விலை குறைந்த, யாரும் கண்டுகொள்ளாத ஒரு கருவி தாக்குதலின் இலக்கானது.

அந்தரங்கமும் இதில் அடக்கம். 2016-இல் ஜியோ வந்து வரம்பில்லா அழைப்புகள் பரவியபின், நிமிடக் கணக்குக்கு மதிப்புக் குறைந்தது. இப்போது அந்தப் பதிவு சொல்வது எந்த ஊழியர் எந்த மருத்துவரை, எந்த வங்கியை, எந்த வழக்கறிஞரை அழைத்தார் என்பதை. அது பூட்டில்லாத எழுத்தாக ஆபீஸ் நெட்வொர்க்கில் ஓடுகிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023-இல் ஒரு சட்டமே வந்துவிட்ட நாட்டில் இதை இப்படியே விட முடியாது.

எனவே கன்வெர்ட்டரை மட்டும் நம்பி நிற்பதைவிட, பெட்டியின் பக்கத்திலேயே ஒரு சிறிய கணினியை, அதே பேட்டரி ஆதரவில், வைப்பது மேல். அது வரிகளை முதலில் தன் வட்டில் எழுதட்டும். பிறகு குறியாக்கத்தோடு அனுப்பட்டும். நெட்வொர்க் இரண்டு நாள் படுத்தாலும் கணக்கு பத்திரமாக இருக்கும். புரோகிராமிங் போர்ட்டில் கேபிளே வேண்டாம். டெக்னீஷியன் வரும் நாளில் செருகி, அவர் போகும்போது உருவிவிட வேண்டும். சில சிறிய பெட்டிகளில் கணக்கும் புரோகிராமிங்கும் ஒரே போர்ட்டில்தான். அங்கே கம்பியிலேயே தடுக்கலாம்: பெட்டி அனுப்பும் முனையையும் கிரவுண்டையும் மட்டும் இணைத்து, பெட்டி கேட்கும் முனையை வெட்டியே விட்டுவிட வேண்டும். கைகுலுக்கல் சிக்னலுக்குக் காத்திருக்கும் பெட்டியென்றால் 7-ஆம் முனையையும் 8-ஆம் முனையையும் கனெக்டருக்குள்ளேயே சேர்த்துப் பற்றவைத்தால் பெரும்பாலும் ஓடும். கணக்கு வெளியே வரும். நெட்வொர்க்கில் எவன் என்ன தட்டினாலும் ஓர் எழுத்துகூட அந்தக் கம்பி வழியே பெட்டிக்குள் போகாது.