ஆயி மண்டபம்: வடிவமும் பொருளும்

புதுச்சேரி பாரதி பூங்காவின் நடுவே வெண்ணிறமாய் நிற்கும் ஆயி மண்டபத்தைக் கண்டு மகிழ்வோர் பலர். கட்டடக் கலைப் படைப்பாக அதனை எடைபோடுவோர் சிலரே. ஐரோப்பியச் செல்வர்கள் தம் தோட்டங்களில், குடியிருக்கவோ வழிபடவோ அன்றிக் கண்ணுக்கு அழகாக மட்டும் கிரேக்கக் கோயில் போன்ற கட்டடங்களை எழுப்புவது 18ஆம் நூற்றாண்டிலேயே வழக்கமாயிற்று. விக்டோரியா அரசியின் காலத்திலும் அது தொடர்ந்தது. தோற்றத்தில் இம்மண்டபமும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால், நோக்கத்தில் அன்று.

மன்னர் கிருஷ்ணதேவராயர் ஒளிமிக்க ஒரு மாளிகையைக் கோயிலெனக் கருதி வணங்கினாராம். அது ஆயி என்னும் கணிகையின் இல்லம் என்றறிந்ததும் சினந்து, அதை இடிக்க ஆணையிட்டாராம். அவளோ தானே அதை இடித்து, அவ்விடத்தில் ஊருக்கொரு குளம் வெட்டினாள் என்பது செவிவழிக் கதை. மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியில் (1852–1870) முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டபோது, அவள் நினைவாக இம்மண்டபம் எழுந்தது.

நாற்புறமும் வளைவுகள், அவற்றை அணைத்த தூண்கள், மேலே கனத்த விளிம்பு: இது ரோமாபுரி தன் வெற்றி வீரர்களுக்கு எழுப்பிய வாயில்களின் மொழி. அம்மொழியில் குளமும் இல்லை, இடிந்த வீடும் இல்லை, ஆயியும் இல்லை. கதையை அறியாதவர் இதை ஒரு படைத்தலைவனின் நினைவுச் சின்னம் என்றே எண்ணுவர். இதுவே இப்படைப்பின் குறை.

கெய்ரோவில் அப்துர் ரஹ்மான் கத்குதா 1744இல் கட்டிய ஸபீலை இதனோடு ஒப்பிடலாம். கீழே வழிப்போக்கருக்கு நீர் வழங்கும் சாளரங்கள். மேலே சிறுவர் ஓதும் பள்ளி. அங்கே பயனே வடிவமாயிற்று. விளக்கம் சொல்ல எவரும் வேண்டியதில்லை.

எனினும், குறைக்குள்ளே ஒரு நிறையும் உண்டு. வென்றவர்க்குரிய வாயில், மன்னனின் சினத்துக்கு ஆளான ஒரு பெண்ணுக்கு உரியதாயிற்று. தாகித்த நாய்க்குத் தன் காலணியால் நீர் மொண்டு கொடுத்த விலைமகள் மன்னிப்புப் பெற்றாள் என்னும் நபிமொழியை அறிந்த நமக்கு, அப்பெருமை வியப்பளிப்பதன்று.

இம்மண்டபமே இன்று புதுச்சேரி அரசின் சின்னம். கடலோர நிலத்தடி நீரில் உப்பு ஏறிவரும் ஊரில் அச்சின்னம் ஒரு கடமையையும் சுமக்கிறது. தூண்களுக்கு வெள்ளையடிப்பது எளிது. குளங்களைக் காப்பதே ஆயிக்குச் செய்யும் உண்மையான மரியாதை.