கண்ணுக்கு எட்டாததை வரைபவர்கள்

1961 டிசம்பர் மாத 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழுக்காக இர்விங் கைஸ் ஒரு புரதத்தை வரைந்தார். திமிங்கலத்தின் தசையிலிருந்து எடுத்த மயோகுளோபின் அது. ஒரு புரதத்தில் அணுக்கள் எங்கெங்கே அமர்ந்திருக்கின்றன என்பதை உலகம் முதன்முதலாக அறிந்துகொண்டது அதில்தான். அந்த அமைப்பைக் கண்டறிந்த ஜான் கென்ட்ரூ மறு ஆண்டே நோபல் பரிசு பெற்றார். நீர்வண்ணத்தில் அந்த ஓர் ஓவியத்தை முடிக்க கைஸுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் பிடித்தது. உள்ளதை உள்ளபடி வரைந்தால் முன்னால் நிற்கும் அணு பின்னால் இருப்பதை மறைத்துவிடும். அதனால் சில அணுக்களைச் சற்றே நகர்த்தினார். தேர்ந்தெடுத்துச் சொல்லும் பொய் என்று அவரே அதற்குப் பெயரும் வைத்தார். எதை நகர்த்தலாம், எதை விட்டுவிடலாம், அதைப் பார்ப்பவரிடம் எப்படிச் சொல்வது? அறிவியல் படக்கலையின் ஒவ்வொரு பாணியும் இந்தக் கேள்விக்குச் சொன்ன பதிலைக் கொண்டே அதை எடைபோட வேண்டும்.

மூத்த பாணி அறுவை மேசையருகே பிறந்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரிலிருந்து அமெரிக்கா வந்த மாக்ஸ் புரோடல், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1911இல் மருத்துவ ஓவியத்துக்கென்றே ஒரு துறையைத் தொடங்கினார். கரித்தூளைத் தூரிகையால் தடவி, ஈரத் திசுவின் பளபளப்பைத் தாளில் கொண்டுவரும் உத்தி அவருடையது. உத்தியைவிட அவர் வகுத்த ஒழுங்கு பெரியது. முழுதும் புரியும்வரை ஓவியர் வரையத் தொடங்கக் கூடாது என்பார். சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்கள் பிரியும் விதத்தை அவரே ஆராய்ந்தார். குழாய்கள் குறைவாக உள்ள, வெட்டினால் ரத்தச் சேதம் குறைவாக இருக்கும் இடத்தை அறுவை மருத்துவர்கள் இன்றும் புரோடல் கோடு என்கிறார்கள். வரையப் புகுந்தவர் ஒரு புதிய உண்மையோடு திரும்பினார்.

நம் மண்ணிலும் இந்த ஒழுங்கு இருந்தது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாகத் தென்னிந்தியத் தாவரப் படங்களை வெளியிட்டார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். அவற்றை வரைந்தவர்களில் முதன்மையானவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரு தெலுங்கு ஓவியர்கள். இலையும் பூவும் ஒருபுறம் இருக்க, பிளந்த சூலகமும் மகரந்தப் பையும் அதே தாளில் தனித்தனியே பெரிதாகத் தரப்பட்டிருக்கும். செடியை இனம் பிரிக்க உதவுவது அழகிய கிளையல்ல, அந்தப் பிளவுப் படங்கள்தான். அதை அறிந்து வரைந்தவர்களை வெறும் உதவியாளர்கள் என்று கடந்து போவது அநீதி. வைட் அப்படிக் கடந்து போகவில்லை. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு கோவிந்துவின் பெயரையே சூட்டினார்.

கைஸுக்குப் பிறகு புரத ஓவியம் இரண்டாகப் பிரிந்தது. ஜேன் ரிச்சர்ட்சன் 1981இல் அணுக்களையே கைவிட்டார். சுருளும் பகுதியைச் சுருண்ட நாடாவாகவும், நீண்டு கிடக்கும் இழையை அம்புக்குறி கொண்ட பட்டையாகவும் கையால் வரைந்தார். இன்று புரத மென்பொருள்கள் பெரும்பாலும் அந்த வடிவத்தைத் தருகின்றன. எந்தப் புரதத்திலும் நாடா என்று ஒரு பொருள் கிடையாது. ஆனால் சங்கிலி மடியும் முறை ஒரே பார்வையில் விளங்கிவிடுகிறது. இவ்வளவு துணிந்து கழித்து, இவ்வளவு நேர்மையாக நின்ற படங்கள் மிகச் சில.

டேவிட் குட்செல் எதிர்த்திசையில் போனார். என் மனம் சாய்வது இவர் பக்கம். ஒரு பாக்டீரியா செல்லின் உள்ளே பத்து லட்சம் மடங்கு பெருக்கத்தில் பார்க்க முடிந்தால் என்ன தெரியும் என்பதை 1990களின் தொடக்கத்திலிருந்து நீர்வண்ணத்தில் வரைந்து வருகிறார். எந்தப் புரதம் எத்தனை இருக்கும், எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று ஆய்வுகளிலிருந்து கணக்கிட்ட பின்பே தூரிகையைத் தொடுவார். பாடநூல் செல்லில் நாலைந்து உறுப்புகள் வெட்டவெளியில் மிதக்கும். இவருடைய செல்லில் விரல் நுழைய இடமிருக்காது, ஏனெனில் உண்மைச் செல்லின் கொள்ளளவில் ஏறத்தாழ கால் பங்கைப் பெரிய மூலக்கூறுகளே அடைத்துக்கொண்டிருக்கின்றன. நீரையும் சிறு மூலக்கூறுகளையும் அவர் விட்டுவிடுகிறார். விட்டதைச் சொல்லியும் விடுகிறார். நிழல் கிடையாது, பளபளப்பும் கிடையாது. தட்டையான வண்ணம், சுற்றி ஒரு கோடு. படம் தன்னைப் புகைப்படம் என்று காட்டிக்கொள்வதே இல்லை.

படம் அசையத் தொடங்கியதும் சிக்கல் பெருகியது. 2006இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக எக்ஸ்விவோ நிறுவனம் உருவாக்கிய 'செல்லின் உள்வாழ்க்கை' அனிமேஷனில், கைனசின் என்னும் புரதம் பெரும் பொதியைச் சுமந்து ஒரு குழாயின்மேல் நிதானமாக நடந்து போகும். அதைப் பார்த்து உயிரியலுக்கு வந்த மாணவர்கள் இருக்கிறார்கள். அந்த ஈர்ப்பை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அந்தச் செல் காலியாக இருக்கிறது. புரதங்கள் போகுமிடம் தெரிந்தவைபோல வழுக்கிச் செல்கின்றன. உண்மையில் நீர் மூலக்கூறுகள் நாலாபுறமும் இடைவிடாமல் மோத, கைனசின் அந்தத் தள்ளுமுள்ளில் நடுங்கி நடுங்கித்தான் எட்டு நானோமீட்டர் அடிகளை வைக்கிறது. வழி காட்டுவார் யாருமின்றி, தற்செயலான மோதல்களிலிருந்தே ஒழுங்கு பிறக்கிறது என்பதுதான் அங்கே மாணவர் வியக்க வேண்டிய செய்தி. படம் அந்த வியப்பை மறைத்து வேறொரு வியப்பைத் தந்துவிட்டது. அதே குழுவினர் 2014இல், நெரிசலையும் நடுக்கத்தையும் காட்டும் புதிய படத்தை வெளியிட்டார்கள். முதல் படத்தைவிட அதில் கண் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்துக்காகவே அதைப் போற்றுகிறேன்.

குறை சொல்வது எளிது. கலைஞரின் இக்கட்டையும் பார்க்க வேண்டும். நீர் மூலக்கூறுகளின் மோதலை நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில் அளக்க வேண்டும். கைனசின் ஓரடி வைப்பதோ நொடியின் நூறில் ஒரு பங்கில். இரண்டையும் ஒரே வேகத்தில் காட்ட எந்தத் திரையாலும் முடியாது. ஏதோ ஒரு காலத்தைத் தேர்ந்தாக வேண்டும்.

மெல்போர்னில் ட்ரூ பெர்ரி செய்த டிஎன்ஏ அனிமேஷன்களில் அந்தத் தேர்வு தெளிவாக இருக்கிறது. ஓர் இழை நேராகப் படியெடுக்கப்பட, எதிர்த்திசை இழை வளையம் வளையமாகப் பின்னுக்கு இழுக்கப்பட்டுத் துண்டு துண்டாகப் படியாவதைப் பார்க்கிறோம். நின்ற படத்தில் அம்புக்குறிகளோடு மாணவர் மல்லுக்கட்டும் இடம் அது. அங்கே அசைவு தேவை.

எல்லா இடத்திலும் தேவையா? உளவியலாளர் பார்பரா ட்வெர்ஸ்கியும் வேறு இருவரும், அசையும் படம் கற்க உதவுகிறதா என்று அதுவரை வந்த ஆய்வுகளை 2002இல் தொகுத்துப் பார்த்தார்கள். அசையும் படம் வென்றதாகச் சொன்ன ஆய்வுகள் பலவற்றில், அசையாத படத்தில் இல்லாத கூடுதல் தகவல் அசையும் படத்தில் இருந்தது. அசைவே கற்பித்தது என்று சொல்ல இடமில்லை. கண் பின்தொடர முடியாத வேகத்தில் ஓடுவதை மனமும் பற்றாது. நிறுத்தவும் திரும்பப் பார்க்கவும் முடிவது நல்ல அனிமேஷனின் முதல் இலக்கணம். படத்தின் ஓரத்தில் அளவுகோல் இருப்பதுபோல, எத்தனை மடங்கு மெதுவாக்கப்பட்டது என்ற குறிப்பும் இருந்தாக வேண்டும்.

வண்ணத்துக்கும் இதே கண்டிப்பு வேண்டும். தனித்த ஒரு புரதம் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியது. அதன் வடிவத்தைக் கண்ணால் காண வழியே இல்லை, அதற்குப் பூசும் நிறம் வரைபவரின் முடிவு. குட்செலின் ஈ.கோலை ஓவியத்தில் செல்லுறை பச்சை, உட்புறம் நீலமும் ஊதாவும், டிஎன்ஏ இருக்கும் பகுதி மஞ்சள். ஒரு மூலக்கூறு எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதைச் சொல்வது மட்டுமே அந்த நிறங்களின் வேலை.