யார் தண்ணீரில் இறங்குகிறார்கள்

தை மாதத்தில் மெல்பேர்ணில் வெயில் 40 பாகையைத் தொடும் நாட்களில் நோபல் பார்க் வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் எழும்: சனிக்கிழமை எல்லாருமாக எங்கே குளிக்கப் போவது? யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிற்கும் மாமி, சென்னையிலிருந்து வந்திருக்கும் சம்பந்தி வீட்டார், பேரப்பிள்ளைகள், அவர்களுடைய சிநேகிதர்கள் என்று ஒரு பெருங்கூட்டம் சேர்ந்துவிடும். இளையவர்கள் நகரத்து ஹோட்டல் ஒன்றின் மொட்டைமாடித் தடாகத்தைக் கைபேசியில் காட்டுவார்கள். பகல் முழுக்கப் பாட்டு, குடைகள், கட்டில் போன்ற சாய்கதிரைகள். ஒருவர் டைனோங்கில் உள்ள கம்புயா வேர்ல்ட் என்பார், இன்னொருவர் மோர்டியலொக் கடற்கரை என்பார். மெமோரியல் டிரைவில், வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மாநகரசபைத் தடாகம் யாருடைய வாயிலும் முதலில் வராது. நான் அதைத்தான் சொல்வேன். காரணம் சொல்வதற்குக் கீரிமலைக்கும் குற்றாலத்துக்கும் ஒருமுறை போய்வர வேண்டும்.

இடம் தேரும்போது காசு, தூரம், சறுக்கு, சாப்பாடு எல்லாம் பார்க்கிறோம். கூட்டத்தில் மூத்த பெண் தண்ணீரில் இறங்குவாளா என்பதை மட்டும் பார்ப்பதில்லை. யாழ்ப்பாணத்து மாமி, "நான் உடுப்புகளைப் பாத்துக்கொண்டு இருக்கிறன், நீங்கள் போய்க் குளியுங்கோ" என்பார். சென்னைச் சம்பந்தியம்மா, "பையெல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க போங்க" என்பார். இரண்டு நாட்டுப் பெண்களும் ஒரே கரையில், ஒரே காரணத்துக்காகக் காய்ந்தபடி உட்கார்ந்திருப்பதை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். அவர்கள் பிறந்த ஊர்களிலோ அவர்கள் நனைந்து வளர்ந்தவர்கள்.

ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் ஊர் கூடிக் குளிக்கும் இடமென்றால் கீரிமலை. கடலை ஒட்டிய கல் தொட்டியில் நன்னீர் ஊறி நிற்கும். மதிலுக்கு அப்பால் உப்புத் தண்ணீர் அடிக்கும். ஆண்களுக்கு ஒரு கேணி, சற்றுத் தள்ளி, பார்வை படாத மறைப்புக்குள் பெண்களுக்கு வேறொரு கேணி. ஆடி அமாவாசையன்று தகப்பனை இழந்தவர்கள் பிதிர்க்கடன் முடித்துத் தலை முழுகுவதும் இங்கேதான். பாடசாலை விடுமுறையில் பெடியள் மதிலில் ஏறிக் குதிப்பதும் இங்கேதான். துக்கமும் விளையாட்டும் ஒரே நீரில் நடப்பதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது கீரிமலையும் கைவிட்டுப் போனது. பக்கத்து நகுலேஸ்வரம் கோயில் அதே ஆண்டு குண்டுவீச்சுக்கு உள்ளானது. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த அந்தக் கேணிக்குப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் போனவர்கள், கோயிலுக்குள் போக முதல் தண்ணீரில் இறங்கியதை அழுதபடி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் கீரிமலையைப் பற்றிப் பேசும்போது அதை அடுத்த மாவிட்டபுரத்தையும் மறைக்கக்கூடாது. 1968இல் மாவிட்டபுரக் கோயில் வாசலில்தான் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே விடும்படி போராடினார்கள். கோயிலுக்கு முன்பே கிணற்றில் தொடங்கிய விலக்கு அது. யாழ்ப்பாணத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு யாருக்கு, வாளியை யார் தொடலாம் என்பதுதான் அன்றாடச் சாதி. இந்தியாவில் அம்பேத்கர் 1927 மார்ச்சில் மகாட் ஊரின் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தது அதே விலக்கை உடைக்கத்தான். அவுஸ்திரேலியாவும் இதில் தப்பவில்லை. 1965 பெப்ரவரியில் சார்ள்ஸ் பேர்க்கின்ஸ் தலைமையில் சிட்னி மாணவர்கள் பேருந்தில் மோரீ என்ற ஊருக்குப் போனது, அங்குள்ள நகரசபைத் தடாகத்தில் ஆதிக்குடிப் பிள்ளைகளை விடமாட்டோம் என்ற விதியை எதிர்த்து. பொதுநீரில் எல்லாரும் இறங்கலாம் என்பது மூன்று நாடுகளிலும் போராடிப் பெற்றது. பெண்கள் கரையில் இருப்பதையும் அந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

திருகோணமலைக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். இறங்குவதற்கல்ல, வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுவதற்கு. ஒவ்வொன்றிலும் சூடு வேறு. உடுத்த உடையோடு நின்று ஊற்றிக்கொள்வதால் அங்கே பெண்களுக்குக் கூச்சம் குறைவு. வீட்டுக் கிணற்றடியிலும் அப்படித்தான்: குறுக்குக்கட்டோடு நின்று துலாவால் அள்ளி ஊற்றிக் குளித்தவர்கள் நம் அம்மாக்கள். கன்னியா இப்போது தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. அந்த இடம் யாருடையது என்ற பிணக்கும் வருத்தமும் இன்னும் ஓயவில்லை.

இன்றைய இலங்கைக் குடும்பங்களின் பகல் உல்லாசம் வேறு திசையில் போய்விட்டது. மவுண்ட் லவினியா, வத்தளை, நீர்கொழும்புப் பக்கத்துக் கடலோர ஹோட்டல்களில் 'டே அவுட்' என்று ஒரு கட்டணம்: தடாகமும் மதியச் சாப்பாடும் சேர்த்து. வான் பிடித்துப் பைலா பாடிக்கொண்டு போய், குளித்துச் சாப்பிட்டுப் பின்னேரம் திரும்புவது. போயா நாளில் நாடு முழுக்க மது விற்பனை இல்லை. அதனாலேயே அந்த விடுமுறையைத் தேரும் குடும்பங்கள் உண்டு. நல்ல தெரிவுதான். ஆனால் அந்தத் தடாகங்களில் நீச்சலுடை இல்லாமல் இறங்க விடமாட்டார்கள். சேலைக்காரர்களும் சட்டைக்காரர்களும் குடையின் கீழ் பழச்சாறு குடித்தபடி இருப்பார்கள். கிணற்றடியில் தாராளமாகக் குளித்த பெண்ணைக் காசு கொடுத்து அழைத்துப்போய்க் கரையில் உட்கார வைக்கும் ஏற்பாடு இது.

குற்றாலம் இதற்கு நேர் எதிர். ஆனி, ஆடியில் மேற்கு மலையில் மழை விழுந்து சாரல் கட்டத் தொடங்கினால் தென்காசிப் பாதை முழுக்க வேன்கள். பேரருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், நடுவே காவலர்கள். ஐந்தருவியிலும் அப்படிப் பிரிவு உண்டு. பாட்டிகள் சேலையோடும், அம்மாக்கள் நைட்டியோடும், பெண்பிள்ளைகள் சுடிதாரோடும் அருவிக்குக் கீழே முதுகைக் கொடுத்து நிற்பார்கள். நீச்சல் தெரிய வேண்டியதில்லை. நிற்கத் தெரிந்தால் போதும். தமிழ்நாட்டில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெண்களும் ஒரே நேரத்தில் வாய்விட்டுக் கத்திச் சிரிப்பதைப் பொதுவெளியில் பார்க்கக் கிடைக்கும் மிகச் சில இடங்களில் அது ஒன்று. குளித்து நடுங்கி வரும் பசிக்குப் பிரானூர் பார்டரில் புரோட்டாவும் கோழியும்.

நெரிசல் மோசம்தான். ஈரத்தில் துணி மாற்ற ஒழுங்கான அறை கிடைக்காமல் பெண்கள் படும் பாடு நியாயமே இல்லாதது. சீசனுக்கு வந்து குவியும் கூட்டத்தில் பாதிப்பேர் பெண்கள் என்று தெரிந்தும் அதைச் சீர்செய்யாமல் இருப்பது கோபம் வரவைக்கிறது. வெள்ளம் பார்த்துத் தடை போடுவதும் விளையாட்டல்ல: 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று இறங்கிய காட்டுவெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அருவியில் தடை என்றால் வேனைத் திருப்புவதுதான் சரி. எத்தனை மணிநேரம் பயணம் செய்து வந்தோம் என்பது தண்ணீருக்குத் தெரியாது.

இந்தியாவிலும் நீச்சலுடைச் சிக்கல் வந்தது. ஆனால் அங்கே அது வேறு விதமாகத் தீர்ந்தது. 1995இல் நவோதயா அப்பச்சன் தாம்பரத்துக்கு அருகே கிஷ்கிந்தாவைத் திறந்தார். நீலகிரி அடிவாரத்தில் பிளாக் தண்டர் வந்தது. 2000இல் கொச்சியில் வீகாலேண்ட் வந்து பின்னர் வொண்டர்லா ஆனது. இந்த நீர்ப்பூங்காக்கள் பருத்தித் துணியோடு இறங்கக்கூடாது என்றன. காரணம் உண்டு. பருத்தி நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும், சாயம் கரையும், நனைந்த சேலை காலைச் சுற்றி ஆளை இழுத்துவிடும், சறுக்கில் சிக்கும். ஆனால் விதியோடு நின்றுவிடாமல் வாசலிலேயே முழங்கால் மூடிய, கை வைத்த நைலான் உடைகளை வாடகைக்கு வைத்தார்கள். எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி உடையில், தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத இடத்தில். அலைக்குளத்தில் மணி அடித்ததும் ஐம்பது வயதுப் பெண்கள் கைகோத்துக் கத்துவார்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தை வாசலில் பிடுங்கி வைப்பது எனக்குப் பிடிக்காது. புளியோதரையும் தயிர்சாதமும் இல்லாத குளியல் பயணம் தமிழ்நாட்டுப் பயணமே அல்ல. ஆனாலும் பெண்களைத் தண்ணீரில் இறக்கியதில் இலங்கை ஹோட்டல்களைவிட இந்தப் பூங்காக்கள் எவ்வளவோ மேல். இலங்கையிலும் பண்டாரகமவில் பேர்ள் பே, அவிசாவளைப் பாதையில் லெஷர் வேர்ல்ட் என்று பூங்காக்கள் உண்டு. வடக்குக் கிழக்குக் குடும்பங்களுக்கு அவை தூரம்.

பாட்டும் கூத்துமாகத் தடாகக் கரையில் கொண்டாடும் வழக்கம் சென்னை நட்சத்திர விடுதிகளில் பெருகிய காலத்தில், 2007 டிசம்பர் 31 இரவு ஒரு விடுதியில் நீச்சல்குளத்தின் மேல் அமைத்த மேடை சரிந்து உயிர்கள் போயின. அதன்பின் புத்தாண்டு இரவில் விடுதிக் குளங்களை மூடிவைக்கும்படி காவல்துறை கட்டுப்பாடு விதிக்கிறது. தண்ணீரும் மதுவும் இருட்டும் ஒன்றாகச் சேரக்கூடாது. பகல் கொண்டாட்டம் என்ற எண்ணம் அந்த அளவில் நல்லது.

இரு கரைக்கும் நடுவில் உள்ள பாக்கு நீரிணையையும் இங்கே சொல்ல வேண்டும். தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954இல் அதை நீந்தினார். வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971இல் போய்த் திரும்பினார். 1984இல் ஆங்கிலக் கால்வாயில் உயிர் விட்டார். 1994இல் குற்றாலீஸ்வரன் சிறுவனாக நீந்தினான். இரண்டு பக்கத் தமிழருக்கும் பெருமை. 2004இல் வங்காளத்துப் பெண் புலா சௌத்ரி நீந்திக் கடந்தார். நம் வீடுகளில் பெடியளுக்குக் கிணற்றில் டியூப் கட்டி நீச்சல் பழக்கியபோது அக்காமார் வாளியும் கயிறுமாக மேலே நின்றார்கள். இன்று கரையில் உட்காரும் மாமிகளின் கதை அங்கே தொடங்குகிறது.

இப்போது நோபல் பார்க்குக்கு வருவோம். விக்டோரியாத் தடாகங்களில் ஒரு விதி உண்டு: 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குக் கையெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும், 10 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பெரியவர் விடாமல் கவனிக்க வேண்டும். மேலாடையை மடியில் வைத்துக்கொண்டு தூரத்தில் இருந்து கூப்பிடுவது கவனிப்பாகாது. பிள்ளைகள் கூடிய நம் கூட்டத்தில் இந்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் அம்மாக்களும் அம்மம்மாக்களும் தண்ணீரில் இருந்தே ஆக வேண்டும். எனக்கு இந்த விதியில் மிகப் பிடித்தது அதுதான்.

உடைக்கும் இங்கே வழி இருக்கிறது. லெபனானில் பிறந்து சிட்னியில் வாழும் அஹெதா ஸனெட்டி 2004இல் உடல் முழுதும் மூடிய நீச்சலுடையை வடிவமைத்தார். முஸ்லிம் பெண்களுக்காக வந்த உடை. இன்று வெயிலுக்கு அஞ்சும் எல்லாருக்கும் நீளக்கை நீச்சல் மேற்சட்டையும் கணுக்கால்வரைக் காற்சட்டையும் சாதாரணக் கடைகளிலேயே கிடைக்கின்றன. நீச்சல் துணியாக இருந்தால் போதும், எவ்வளவு மூடினாலும் கேள்வி இல்லை. இதுவும் சண்டையில்லாமல் வரவில்லை. பக்கத்து டண்டினோங் ஒயேசிஸ் தடாகத்தில் ரமழான் காலத்தில் ஒரு குடும்ப நிகழ்வுக்குத் தோளும் தொடையும் மூடிய உடை வேண்டும் என்று விதிக்க 2010இல் மாநிலத் தீர்ப்பாயம் அனுமதித்தபோது பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் பொங்கினார்கள். அந்த ஏற்பாட்டில் எனக்கும் முழு உடன்பாடு இல்லை. மூடி வர விரும்புபவர் மூடி வரட்டும், மற்றவரையும் மூடச் சொல்ல வேண்டாம். ஆனால் அந்தச் சண்டையில் ஈடுபட்ட ஒரு தரப்பாவது, பெண்கள் தண்ணீருக்கு வர வேண்டும் என்று கேட்டது.

கடற்கரையைத் தேர்பவர்களுக்கு ஒன்று: சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும். 2024 ஜனவரி 24ஆம் திகதி பிலிப் தீவில் உயிர்காப்பாளர் இல்லாத ஃபொரஸ்ட் கேவ்ஸ் கடற்கரையில் இந்திய வம்சாவளிக் குடும்பமொன்றில் நால்வர் இறந்தார்கள். விடுமுறைக்கு உறவுகளை அழைத்துப் போகும் நம் எல்லாருடைய வீட்டிலும் நடந்திருக்கக் கூடியது அது.

மொட்டைமாடித் தடாகத்தை நான் வேண்டாம் என்பது காசுக்காக மட்டுமல்ல. அது பார்க்கப்படுவதற்கான இடம். ஈர உடம்போடு நிற்பவரைப் படம் பிடிக்கும் கைபேசிகளுக்கு நடுவில் மாமி இறங்கமாட்டார். நோபல் பார்க் தடாகத்தில் 50 மீற்றர் திறந்தவெளி நீரும், பிள்ளைகளுக்குச் சறுக்கும், நிழலும் புல்லும் இருக்கின்றன. வியட்நாமிய, கம்போடிய, ஆப்கானியப் பாட்டிகள் தங்கள் தங்கள் உடையில் இடுப்பளவு நீரில் நடந்துகொண்டிருப்பார்கள். அவர்களைப் பார்த்த பிறகுதான் நம்மவர்களும் ஒவ்வொருவராக எழுந்து வருகிறார்கள்.

ஆகவே இந்தச் சனிக்கிழமைக்கு: முதலில் தொலைபேசி எடுத்து, கூட்டமாக வரலாமா, எங்கள் சாப்பாட்டைக் கொண்டுவரலாமா, பெண்களுக்கு மட்டுமான நேரம் உண்டா என்று கேளுங்கள். நீளக்கை நீச்சலுடை இரண்டு மூன்று அளவில் வெள்ளிக்கிழமையே வாங்கி வையுங்கள். மாமியிடம் கேட்டால் வேண்டாம் என்பார், கேட்க வேண்டாம். றோல்ஸும் மிதிவெடியும் ஒரு பெட்டியில், புளியோதரை இன்னொன்றில். பைகளையும் உடுப்புகளையும் பார்த்துக்கொள்ளும் வேலையை இந்தமுறை வீட்டு ஆண்கள் மாறி மாறிச் செய்யட்டும்.