பாடாதவரைப் பாருங்கள்

எஸ்.பி. பாலசுப்ரமணியமும் எஸ். ஜானகியும் ஒரே மேடையில் நின்று பாடிய காட்சி டி.வி.யில் மறுபடி ஓடினால், பாடுகிறவரை விட்டுவிட்டுப் பாடாமல் நிற்கிறவரைப் பாருங்கள். ஜானகி சரணத்தை எடுத்ததும் பாலுவின் கண் பாட்டுத் தாளில் நிற்காது, ஜானகியிடம் போய்விடும். ஒரு கை தாளம் போடும், தலை லேசாகச் சாயும், நல்ல சங்கதி விழுந்தால் முகம் முழுக்கச் சிரிப்பார். பாலுவின் முறை வந்ததும் ஜானகியைப் பாருங்கள். சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றிப் போர்த்தி, நோட்டைப் பிடித்தபடி அப்படியே நிற்பார். புருவம்கூட அசையாது. ஆனால் தன் வரிக்கு அவர் நுழையும் இடம் இருக்கிறதே, பாலு விட்ட மூச்சின் நுனியில் நுழைவார். அசையாமல் நின்ற அத்தனை நேரமும் ஒரு பொடி சங்கதியைக்கூட அவர் தவறவிடவில்லை என்று அப்போது தெரியும்.

விளையாட்டுப் பக்கத்தில் பாட்டுக்காரர்களைப் பற்றி எழுத எனக்குக் காரணம் இருக்கிறது. கிரிக்கெட்டில் இரண்டு பேர் சேர்ந்து நூறு ரன் எடுக்கும்போது நம் கண் அடிக்கிறவர் மேலேயே இருக்கும். எதிர்முனையில் மட்டையை ஊன்றி நிற்பவர் எப்போது ஓடக் கிளம்புகிறார், எப்போது வேண்டாம் என்று கை காட்டுகிறார் என்பதில்தான் அந்த நூறில் பாதி அடங்கியிருக்கிறது. டூயட்டும் அதே கணக்குதான். தவிர, பாலுவுக்கு இந்தப் பக்கத்தோடு நேரடி உறவும் உண்டு. 1983-ல் தேசிய அணிகள் செஸ் போட்டியில், பதின்ம வயதுப் பையனாக விஸ்வநாதன் ஆனந்த் ஆடிய அணிக்கு ஸ்பான்சர் செய்தவர் பாலு. தன் முதல் ஸ்பான்சர் அவர்தான் என்று அவர் மறைந்த அன்று ஆனந்தே நினைவுகூர்ந்தார்.

பாலுவின் குரலைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ஒரே மூச்சு, ஒரே நாளில் இத்தனை பாட்டு என்று சாதனைகளை அடுக்குவார்கள். 1981 பிப்ரவரி 8-ம் தேதி கன்னட இசையமைப்பாளர் உபேந்திர குமாருக்காகக் காலை 9 மணியிலிருந்து இரவு 9 மணிக்குள் 21 பாடல்கள் பாடி முடித்தார் என்பது அதில் முதலில் வரும். அது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் என் கணக்கில் அவருடைய முதல் பலம், கூடப் பாடுகிறவருக்கு இடம் விட்டுக்கொடுத்தது. அந்தப் பலம் ஜானகி பக்கத்தில் நின்றபோது தெரிந்த அளவுக்கு வேறு எங்கும் தெரியவில்லை.

சேலம், நாமக்கல் பக்கம் இந்த ஜோடிக்கு இருக்கும் பிடிப்பு தனி ரகம். நாமக்கல் டேங்கர், சங்ககிரி லாரி, திருச்செங்கோட்டு ரிக் வண்டி என்று இங்கிருந்து கிளம்பும் சக்கரங்கள் நாடு முழுக்க ஓடுகின்றன. ஓசூரைத் தாண்டினால் கன்னடம், சித்தூர் பக்கம் போனால் தெலுங்கு. சாப்பிட இறங்கும் இடத்து டி.வி.யிலும் டீக்கடை ஸ்பீக்கரிலும் வருவது கேபினில் கேட்ட அதே இரண்டு குரல்; பாஷை மட்டும் வேறு. ஈ.டி.வி. தெலுங்கில் 1996-ல் தொடங்கிய 'பாடுதா தீயகா'வில் பாலு இளம் பாடகர்களுக்குச் சங்கதி திருத்துவதை, தெலுங்கு சரியாகப் புரியாமலே உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து ஊரில் கதை கதையாகச் சொன்ன டிரைவர்கள் உண்டு. ஆந்திராக்காரர் அவரைத் தங்கள் ஆள் என்பார், கன்னடக்காரர் தங்கள் ஆள் என்பார், நம்மவர் விடவே மாட்டார். மூன்று பேரோடும் வாதாடிவிட்டு வந்த அனுபவம் லாரிக்காரருக்குத்தான் இருக்கும்.

இளம்பிள்ளை, தாரமங்கலம் பக்கத்து விசைத்தறிக் கொட்டகையில் வேறு கதை. பத்துத் தறி ஒன்றாக ஓடும் சத்தத்தில் பக்கத்து ஆள் கத்தினால்கூடக் கேட்காது. அங்கே ஸ்பீக்கரில் பாட்டு ஓடும்போது கவனித்திருக்கிறேன்: மேல் ஸ்தாயியில் ஜானகி எடுத்தால் தறிச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு வரும், பாலு கீழே இறங்கிக் குழையும் இடம் சத்தத்துக்குள் போய்விடும். தறி ஓட்டுகிறவர் கை வேலையில் இருக்க, கேட்காத அந்த வரியை அவரே முணுமுணுத்து இட்டு நிரப்பிக்கொள்வார். வருஷக் கணக்காகக் கேட்டு மனப்பாடம் ஆனது. சரியான தாளத்தில் முடித்து, ஜானகி மறுபடி வரும்போது வாயை மூடிக்கொள்வார்.

1980-களில் வெள்ளிக்கிழமை தூர்தர்ஷன் 'ஒலியும் ஒளியும்' பார்த்த தலைமுறைக்கு இந்தக் குரல்களுக்கு முகம் கிடையாது. ரஜினி வாயசைப்பார், கமல் வாயசைப்பார், பாட்டு அவர்களுடையதாகிவிடும். கேபிள் டி.வி. வந்து, மேடைக் கச்சேரிகள் வீட்டுக்குள் வர ஆரம்பித்த பிறகுதான் பாடினவர்களை ஆற அமரப் பார்க்க முடிந்தது. பார்த்ததும் பலருக்கும் திகைப்பு. குழந்தையாகவும் கிழவியாகவும் குரல் மாற்றி, கொஞ்சலும் ஏக்கமுமாகப் பாடியவர், முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லாமல் நிற்கிறார். அந்தப் பக்கம் பாலுவோ சிரிக்கிறார், கண்ணடிக்கிறார், வயலின்காரரைப் பார்த்துத் தலையாட்டுகிறார், வரிக்கு நடுவில் ஒரு சிரிப்பைச் செருகுகிறார். இவ்வளவு வேறுபட்ட இரண்டு பேர் எப்படி ஒரே பாட்டுக்குள் இருக்கிறார்கள் என்று அப்போது தோன்றியது. இப்போது யோசித்தால், ஜானகி அப்படி நின்றதால்தான் பாலுவால் அவ்வளவு விளையாட முடிந்தது என்று படுகிறது. எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வர ஓர் இடம் இருக்கிறது என்ற தைரியம் அவருக்கு.

'தளபதி' (1991) டூயட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. நடுவில் போர்க்களமாகவே விரியும் இடையிசை. பாடகர்களுக்கு இதில் இரண்டு சோதனை. முதலாவது, அவ்வளவு பெரிய வாத்தியப் படை ஓய்ந்ததும் சுருதி பிசகாமல், பதற்றம் இல்லாமல் மனிதக் குரலாக உள்ளே வர வேண்டும். இரண்டாவது, சரணமே கேள்வி பதில். போருக்குப் போகிறவனைப் பார்த்துப் பெண் கேட்கிறாள், அவன் சொல்கிறான். ஜானகியின் கேள்வியில் குற்றச்சாட்டும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. போர்வீரனுக்கான பாட்டுதானே என்று சாதாரணப் பாடகர் பதிலை வீரமாக உரக்க எடுத்துவிடுவார். பாலு தணிந்து எடுக்கிறார். கேள்வி கேட்டவளைச் சமாதானப்படுத்துகிற குரல் அது. வரி வளர வளரத்தான் வலு ஏறுகிறது. கேள்வி எந்தக் கனத்தில் வந்தது என்று கேட்டுப் பதில் சொல்லும் பாட்டு இது. தனியாக உட்கார்ந்து பயிற்சி செய்து வராது.

'நெஞ்சத்தைக் கிள்ளாதே' (1980) படத்தின் காலை ஓட்டப் பாட்டு விளையாட்டுப் பக்கத்துக்கே எழுதினது போன்றது. ஓடுகிற காலடிச் சத்தத்தைத் தொடையில் தட்டி உண்டாக்கியதாகச் சொல்வார்கள். அந்தக் காலடிதான் தாளம். ஓடுகிறவர்களின் பாட்டு, ஆனால் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கக் கூடாது. ஓடும் உற்சாகம் மட்டும் குரலில் தெரிய வேண்டும். நிதானமாக ஓடுகிறவருக்குத் தெரியும், பக்கத்தில் ஓடுகிற ஆள் வேகத்தைக் கூட்டினால் நம் கால் தானாகக் கூடிவிடும், பிறகு இரண்டு பேருமே திணற வேண்டியதுதான். இந்தப் பாட்டில் ஒருவர் வேகத்தை ஒருவர் கூட்டிவிடவே இல்லை. முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை ஒரே நடை.

இந்தக் காது எங்கிருந்து வந்தது? இரண்டு பேருமே கர்னாடக சங்கீதத்தை முறைப்படி வருஷக் கணக்கில் படித்து வந்தவர்கள் இல்லை. ஜானகி சிறு வயதில் ஒரு நாதஸ்வர வித்வானிடம் கொஞ்சம் கற்றார். பாலு அனந்தபூரில் இன்ஜினியரிங் படிக்கப் போனவர். கேட்டுக் கேட்டுத்தான் பிடித்தார்கள். 1960-களின் முற்பகுதியில் கூடூரில் நடந்த ஒரு பாட்டுப் போட்டிக்குச் சிறப்பு விருந்தினராக வந்த ஜானகி, இரண்டாம் பரிசு வாங்கிய பையனுக்குத்தான் முதல் பரிசு கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்லி, சினிமாவில் முயற்சி செய் என்று தைரியமும் கொடுத்தார். அந்தப் பையன்தான் பாலு. தன்னைவிட எட்டு வயது மூத்தவர், 1957-லிருந்தே சினிமாவில் பாடிக்கொண்டிருந்தவர், தன்னை முதலில் கேட்டுச் சொன்னவர் என்ற மரியாதையை அவர் கடைசி வரை விடவில்லை. ஜானகியோடு பாடுவது தனக்குப் போட்டி மாதிரி என்றும், ஒத்திகையில் பாடாததை டேக்கில் பாடிவிடுவார், விழிப்பாக இருக்க வேண்டும் என்றும் மேடைகளில் சொல்லிச் சிரிப்பார்.

நம் ஊர் மெல்லிசைக் குழுக்களில் பாடுகிறவர்களும் இதே வழியில் வந்தவர்கள். கேசட்டில் கேட்டு வந்தவர், தறிக்கொட்டகையில் பாடிப் பழகியவர், லாரிப் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே பண்டிகைக்குப் பண்டிகை மேடை ஏறுகிறவர். ஆடி மாதம் சேலத்தில் மாரியம்மன் பண்டிகை நேரத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் ஏதாவது ஒரு கச்சேரி காதில் விழும்.

ராசிபுரம் பக்கம் ஒரு கோயில் பண்டிகையில் கேட்ட கச்சேரியைச் சொல்லியாக வேண்டும். பாடகருக்குப் பாலுவின் சிரிப்பு அச்சாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஏமாந்துவிடலாம். ஆனால் கூடப் பாடிய பெண் சரணத்தை எடுத்ததும் அவர் கீபோர்டுகாரரிடம் அடுத்த பாட்டைப் பற்றிப் பேசினார். கூட்டத்தில் தெரிந்தவருக்குக் கை காட்டினார். அவள் வரியின் மேலேயே ஒரு "ஹா" போட்டார். குரல் பாலு, நடத்தை வேறு யாரோ. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டூயட். சரணத்தின் கடைசி வரியில் அந்தப் பெண் எதிர்பாராமல் ஒரு சங்கதியைத் திருப்பிப் போட்டாள். அவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். தன் வரி வந்தபோது அதே சங்கதியை எடுத்து, ஒரு படி கீழே வைத்துப் பாடினார். பின்வரிசை வரை விசில். அந்த ஒரு நிமிடம் அவர் பாலுவைப் போலப் பாடினார் என்று தயங்காமல் சொல்வேன்.

ஜானகி 2017-ல் மைசூரில் கடைசிக் கச்சேரி பாடி மேடைக்கு விடைகொடுத்தார். 2020 ஜூன் மாதக் கடைசியில் அவர் இறந்துவிட்டதாக ஒரு வதந்தி கிளம்பியது. போன் மேல் போன் வந்ததும் பாலு கோபப்பட்டு வீடியோ போட்டார். ஜானகி அம்மா நன்றாக இருக்கிறார், இப்படிப் பொய் பரப்பாதீர்கள் என்றார். ஆகஸ்ட் 5-ம் தேதி, தனக்கு லேசான கொரோனா, கவலைப்பட வேண்டாம் என்று இன்னொரு வீடியோ. பிறகு நிலைமை மோசமானது. ஆகஸ்ட் 20 மாலை 6 மணிக்கு எல்லோரும் அவரவர் இடத்தில் இருந்தபடியே அவர் பாட்டை ஒலிக்கவிட்டுப் பிரார்த்திக்கும்படி பாரதிராஜாவும் திரையுலகத்தினரும் கேட்டுக்கொண்டார்கள். அன்று இங்கேயும் வாசல் திண்ணைகளில் செல்போனை வைத்துப் பாட்டைப் போட்டார்கள். செப்டம்பர் 25 பகல் ஒரு மணிக்குப் பிறகு செய்தி வந்தது. 74 வயது. கூட்டம் கூட முடியாத காலம் அது. ஊரே திரண்டு அஞ்சலி செலுத்தியிருக்க வேண்டிய மனிதருக்கு, ஆளுக்கு ஒரு மூலையில் தனித்தனியாக அழ வேண்டியதாயிற்று. அந்தக் குறையைத்தான் ஒவ்வொரு செப்டம்பரிலும் நினைவுக் கச்சேரி வைத்துத் தீர்த்துக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அந்தக் கச்சேரிகளை நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. ஃப்ளெக்ஸில் பாலு படம் பெரிதாக இருக்கும், பாடப் போகிற ஆண் குரலின் படம் அதற்குக் கீழே. அன்று மேடையில் பாதிக்கு மேல் டூயட்தான். ஆனால் பாதிப் பாட்டைத் தாங்கப் போகிற பெண்ணின் பெயர் ஓரத்தில்கூட இருக்காது. மைக் செட்டிலும் அதே கதை. ஆண் மைக்கை ஏற்றி வைத்துவிட்டு, பெண் மைக்கை எக்கோவில் மூழ்கடிக்கிறார்கள். அவள் விடும் மூச்சு பக்கத்தில் நிற்கிறவருக்கே கேட்காதபோது அவர் எதைக் கேட்டுப் பதில் பாடுவார்?

ஒத்திகையும் மாறிவிட்டது. இப்போது ஆளுக்கொரு கரோக்கி டிராக்கை செல்போனில் போட்டுத் தனித்தனியாகப் பழகிவிட்டு, மேடையில்தான் முதல்முறை சேர்கிறார்கள். வேலைக்கும் போய்க்கொண்டு பாடுகிறவர்கள், நேரம் கிடைப்பதில்லை என்பது புரிகிறது. ஆனாலும் இந்த வருஷம் பாலு நினைவுக் கச்சேரி வைக்கும் குழுக்கள், நாற்பது பாட்டுப் பட்டியலைப் பாதியாகக் குறைக்கட்டும். மிச்சப்படும் நேரத்தில் பாடுகிற இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்தியம் எதுவும் இல்லாமல் எதிரெதிரே உட்கார்ந்து அந்தத் 'தளபதி' சரணத்தை மட்டும் பாடிப் பார்க்கட்டும். அவள் கேட்டு முடித்த பிறகு அவர் பதில் சொல்லட்டும். ஃப்ளெக்ஸில் இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும்.