சேப்மனின் காடும் சோறு சுமந்தவர்களும்

மலாயாவில் ஜப்பானியர் ஆட்சி நிலவிய மூன்றரை ஆண்டுக் காலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் வெளிவந்த நூல்களுள் எஃப். ஸ்பென்சர் சேப்மன் எழுதிய ‘த ஜங்கிள் இஸ் நியூட்ரல்’ என்னும் நூலுக்குத் தனியிடம் உண்டு. ஃபீல்ட் மார்ஷல் வேவலின் முன்னுரையோடு 1949ஆம் ஆண்டில் வெளிவந்த இந்நூலின் தலைப்பு, ‘காடு நடுநிலையானது’ எனப் பொருள்படும். வீட்டையும் ஊரையும் துறந்து காடு புக நேரும் இடுக்கண் காலத்தில் உயிர் பிழைப்பது எவ்வாறு என்று கற்பிக்க முனைவோர் இத்தலைப்பை ஒரு சூத்திரம் போலவே எடுத்தாளுகின்றனர். காடு எவர்க்கும் நண்பன் அன்று, பகைவனும் அன்று, நீரையும் மறைவிடத்தையும் வந்தவர் யாவர்க்கும் ஒருபடித்தாகவே தருகின்றது, புகுந்தவன் வாழ்வதும் மாள்வதும் அவனுடைய மனப்பாங்கைப் பொறுத்தனவே என்பது சேப்மன் கண்ட முடிபு. அவர் எழுதிய பக்கங்களே இம்முடிபைத் தாங்குகின்றனவா என்பது ஆராயத்தக்கது. தலைப்பு ஒன்று கூற, நூல் வேறொன்று கூறுகின்றது.

சேப்மன் 1907இல் பிறந்தவர். 1930-31இல் கிரீன்லாந்தின் பனிப்பாலையில் ஆய்வுப் பயணம் மேற்கொண்ட குழுவில் ஒருவராக இருந்தார். 1937இல் திபெத்தின் எல்லையில் 24,000 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் சோமல்ஹாரிச் சிகரத்தில் ஏறினார். ஸ்காட்லாந்தில் கோர்டன்ஸ்டன் பள்ளியில் ஆசிரியப் பணியும் புரிந்தார். ஆசிரியர்க்குரிய தெளிவு அவருடைய நடையில் யாண்டும் காணப்படுகின்றது. அட்டை கடித்ததையும் ஈரத்தில் நெருப்பு மூட்டியதையும் அவர் விளக்கும் முறை, வகுப்பில் கரும்பலகையின் முன் நின்று பேசுவது போன்றது. போர் மூண்டபின் கரந்துறைப் போர்ப் பயிற்சி அளிக்கும் அலுவலராகி, 1941இல் சிங்கப்பூரின் மேற்குக் கரையில் தஞ்சோங் பாலாயில் அமைந்திருந்த 101ஆம் சிறப்புப் பயிற்சிப் பள்ளிக்கு வந்து சேர்ந்தார்.

முன்னேற்பாடு என்பதைப் பற்றி இந்நூல் அளிக்கும் செய்திகளுள் மிகவும் பொருள் பொதிந்தது அதன் தொடக்கப் பகுதியிலேயே வந்துவிடுகின்றது. பகைவர் தீபகற்பத்தினுள் முன்னேறினால் அவர்களுக்குப் பின்னால் காட்டிலேயே தங்கியிருந்து தாக்குவதற்குச் சிறுசிறு குழுக்களை அமைக்க வேண்டும், அவற்றுக்கு வேண்டிய உணவையும் வெடிமருந்தையும் முன்கூட்டியே பதுக்கி வைக்க வேண்டும் என்று அப்பள்ளியினர் ஒரு திட்டம் வகுத்தனர். மேலிடம் அதனைத் தள்ளிவிட்டது. பகைவன் உள்ளே வரக்கூடும் என்று ஒப்புக்கொண்டால் ஆசிய மக்களின் நம்பிக்கை குலைந்துவிடும் என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆயத்தம் செய்வதே தோல்வியை ஏற்பதாகும் என எண்ணிய அரசு, ஆயத்தமின்றியே தோல்வியை ஏற்றது. இதனைச் சேப்மன் கடிந்துரைக்கின்றார், அக்கடிதல் நேர்மையானது. ஆயினும் எந்த மக்களின் நம்பிக்கை குலையும் என்று மேலிடம் அஞ்சியதோ, அந்த மக்களைக் கலந்து கொள்ள வேண்டும் என்ற எண்ணம் மேலிடத்திற்கும் எழவில்லை. நூலாசிரியருக்கும் அவ்விடத்தில் எழவில்லை.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியபின், தள்ளப்பட்ட திட்டம் அவசரம் அவசரமாக மீண்டும் கையிலெடுக்கப்பட்டது. சரக்குகள் லாரிகளில் ஏற்றப்பட்டுக் காட்டோரங்களில் பதுக்கப்பட்டன. சேப்மனும் இரு தோழர்களும் பகாங் பக்கத்திலிருந்து மத்திய மலைத்தொடரைக் கடந்து தஞ்சோங் மாலிம் வட்டாரத்தை அடைய முற்பட்டபோது, நிலப்படம் பார்த்துப் போட்ட நாட்கணக்கு பொய்த்தது. மூங்கிற் புதர்களையும் செங்குத்தான சரிவுகளையும் நிலப்படம் காட்டுவதில்லை. பசியால் மெலிந்து இறங்கி வந்த அவர்கள், 1942 பிப்ரவரி முதல் இரு வாரங்களில் இருப்புப்பாதையையும் சாலைகளையும் இரவுதோறும் தகர்த்தனர். பதினைந்து பாலங்களும் நாற்பது ஊர்திகளும் சேதமுற்றன என்பது அவர் தரும் கணக்கு. ‘பைத்தியக்கார இரு வாரம்’ என்று அவரே பெயரிட்ட இப்பகுதிதான் நூலில் பலராலும் விரும்பிப் படிக்கப்படுவது; திறனாய்வு நோக்கில் அதில் தங்குவதற்கு அதிகமில்லை.

தங்க வேண்டியது அப்பகுதியில் வரும் ஒரு சிறு செய்தியில். இரவில் சாலை வழியே நடமாடுவதற்கு அவர்கள் தமிழர் வேடம் பூண்டனர். முகத்திலும் கைகளிலும் கரிய சாயத்தைப் பூசிக்கொண்டு, தமிழ்த் தொழிலாளர் போல உடுத்து, தலையில் துணி சுற்றிச் சென்றனர். வேடம் பலித்தது. அவ்வட்டாரத்துச் சாலைகளில் தமிழர் நடமாட்டம் ஐயத்திற்கு இடமில்லாத அன்றாடக் காட்சியாக இருந்தமையே அதற்குக் காரணம். சேப்மனுக்கு உயிர்க்கவசமாக அமைந்தது தமிழரின் தோற்றம். ஆனால் அத்தோற்றத்திற்கு உரியவர்கள் அவருடைய கதையில் பெரும்பாலும் வழியோர நிழல்களாகவே நின்றுவிடுகின்றனர். பாலம் தகர்ந்த மறுநாள் காலையில் அதே சாலையில் பால்வாளியோடு நடக்க வேண்டியிருந்தவர் நிலை என்ன என்னும் வினா, தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த வாசகருக்கு இயல்பாகவே எழும்.

இனி, காடு என்ன தந்தது என்பதைப் பார்ப்போம். நீர் தந்தது, மறைவு தந்தது, விறகு தந்தது. உணவு தந்ததா? பசும்போர்வை போர்த்த மலாயாக் காடு எங்கும் கனியும் கிழங்குமாக நிறைந்து கிடக்கும் என்று நகரத்தார் எண்ணுவது இயல்பே. உண்மையோ வேறு. அடர்காட்டில் மாப்பொருள் நிறைந்த உணவு அரிது. விலங்குகள் கண்ணிற்படுவதும் அரிது. காடோங் என்னும் காட்டுக்கிழங்கு கிடைக்கும். ஆனால் அது நஞ்சுடையது. மெல்லிய வில்லைகளாகச் சீவி, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறவிட்டு, நஞ்சு கழிந்த பின்னரே உண்ணுதற்கு ஆகும். இந்த அறிவு ஓராங் அஸ்லி மக்களிடம் வழிவழியாக வந்தது. அம்மக்களும் காட்டை மட்டும் நம்பி வாழ்ந்தவர் அல்லர். மலைச்சரிவுகளைத் திருத்தி மலைநெல்லும் மரவள்ளியும் பயிரிட்டே பலர் வாழ்ந்தனர். (சேப்மன் அவர்களைச் ‘சக்காய்’ என்றே குறிப்பிடுகின்றார். அடிமை என்னும் பொருள் தொனிக்கும் அச்சொல் அக்கால வழக்கு எனினும், தம்மைக் காத்தவர்களைச் சுட்ட அவருக்கு வேறு சொல் கிட்டவில்லை என்பது நெருடுகின்றது.)

ஆகவே மூன்று ஆண்டுகளுக்கு மேல் சேப்மன் உண்ட சோறு காட்டில் விளைந்தது அன்று, காட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினரின் பாசறைகளில் அவர் நெடுங்காலம் தங்கினார். காட்டோரத்தில் குடிசை போட்டுக் காய்கறியும் மரவள்ளியும் பயிரிட்ட சீனக் குடியேறிகள், அரிசி, உப்பு, கருவாடு, மருந்து ஆகியவற்றை அப்பாசறைகளுக்கு அனுப்பிவந்தனர். முன்கூட்டிப் பதுக்கிய சரக்குகள் கையைவிட்டுப் போன பிறகும் இவ்வழி அடைபடவில்லை. மலேரியாவிலும் பிற காய்ச்சல்களிலும் விழுந்து நினைவிழந்து கிடந்த நாள்களில் அவர் வாயில் கஞ்சி ஊற்றியவர்கள் இருந்தனர். உதவியவர்களுக்கு விளைந்தது என்ன என்பதையும் நூல் மறைக்கவில்லை. ஜப்பானியர் வந்து குடிசைகளைக் கொளுத்தினர். ஆண் பெண் குழந்தை என்னும் வேறுபாடின்றிக் கொன்றனர். இவற்றையெல்லாம் எழுதிய அதே கை, காடு நடுநிலையானது, பிழைப்பது மனத்தின் செயல் என்றும் எழுதுகின்றது. சான்றுகளை ஒளிக்காமல் வைத்துவிட்டு, அவற்றுக்குப் பொருந்தாத முடிபைக் கூறுவது நேர்மையான எழுத்தாளர்க்கே நேரும் பிழை. பொய்யுரைப்பவராயின் சான்றுகளையும் திருத்தியிருப்பார்.

பிழையின் விளைவு ஓரிடத்தில் கடுமையாகவே வெளிப்படுகின்றது. காட்டில் தற்செயலாக விடப்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய் சில மாதங்களே உயிரோடு இருந்தான் என்றும், சற்று மேற்பட்ட பதவியிலிருந்தவன் அறிவுக்கூர்மையால் மேலும் சில காலம் தாக்குப்பிடித்தான் என்றும் சேப்மன் தரம் பிரிக்கின்றார். மனப்பாங்கே அனைத்தும் என்னும் கோட்பாடு, இறந்தவனைக் குற்றவாளி ஆக்கிவிடுகின்றது. மலாயாவில் இருந்த பிரிட்டிஷ் படைகளுள் ஆர்கைல் படைப்பிரிவு போர் தொடங்குமுன்பே காட்டுப் பயிற்சி பெற்றிருந்தது. ஆயினும் 1942 ஜனவரி 7ஆம் நாள் சிலிம் ரிவர் சண்டையில் அப்படை சிதறுண்டு காட்டுக்குள் நுழைந்தபின், அதன் வீரர்களில் பலர் பிடிபட்டனர். பலர் பசியாலும் நோயாலும் மாண்டனர். அவர்கள் எல்லாரும் மனத்திட்பம் அற்றவர்கள் என்று கூறத் துணிபவர் யார்? மொழி தெரியாது, தொடர்பு கிடையாது, அரிசி கொண்டுவருவார் எவருமிலர். சேப்மனுக்கோ கெரில்லாப் படையினரோடு முன்பே தொடர்பு இருந்தது. அவர்களுள் சிலர் சிங்கப்பூரில் அவருடைய பள்ளியிலேயே பயின்றவர்கள். அந்தத் தொடர்புதான் அவருக்கு வாய்த்த மெய்யான முன்னேற்பாடு. பதுக்கிய பெட்டிகள் அல்ல.

தமிழ் இலக்கணம் பயில்வோர்க்கு இவ்விடத்தில் திணைக் கோட்பாடு நினைவுக்கு வருதல் இயல்பு. நிலத்தை வெறும் நிலமாகத் தமிழ் மரபு கண்டதில்லை. முதற்பொருளோடு கருப்பொருளையும் சேர்த்தே திணையை வகுத்தது. தொல்காப்பியம் எண்ணும் கருப்பொருள்களில் தெய்வத்திற்கு அடுத்து நிற்பது உணவு. பிற்காலத்து நம்பியகப்பொருள் அப்பட்டியலை விரித்து, ஊரையும் நீரையும் அந்நிலத்து மக்களையும் உள்ளடக்கிப் பதினான்காக்கிற்று. மலைச்சாரல் என்றால் அங்குத் தினை விதைப்பவர் உண்டு. அவருக்கு ஒரு சிறுகுடி உண்டு. வழிதவறி வந்தவன் அச்சிறுகுடியைத்தான் தேடுவான். சேப்மன் தம் தலைப்பில் முதற்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு கருப்பொருளைக் கழற்றிவிட்டார். அவ்வாறு கழற்றிய பிறகு நிலம் நடுநிலையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஓர் ஆங்கில நூலைத் தமிழ்ப் பொருளிலக்கணத்தால் அளப்பது முறையா எனக் கேட்கலாம். அந்நூல் தன் சொற்களாலேயே கருப்பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணித் தருவதால், அவ்வளவை அதற்குப் பொருந்துகின்றது.

இந்நாட்டுத் தமிழருக்கு அக்காலத்தில் காடு வேறொரு முகத்தோடு வந்தது. பர்மாவையும் சயாமையும் இணைத்து 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைக்க, தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கானோர் கொண்டுசெல்லப்பட்டனர். மூட்டை கட்டக்கூடப் பொழுது அளிக்கப்படாதவர் அவர்களுள் பலர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலைச் சேப்மனின் நூலோடு அடுத்தடுத்துப் படிக்கும் மாணவர், ஒரே காலத்தின் இரு காடுகளைக் காண்பர். ஒன்றில், துப்பாக்கியும் குறிப்பேடும் ஏந்திப் பறவைகளையும் செடிகளையும் குறித்துவைக்க ஓய்வு வாய்த்த ஒருவர். மற்றொன்றில், காலராவும் புண்ணும் பிரம்படியும் நிறைந்த கூடாரங்களில் ஒரு கூட்டம். இங்கும் ‘மனப்பாங்கு’ என்று கூறிவிட்டு நகர முடியாது. காட்டோரத்தில் சோறு தருவார் இல்லாத இடத்தில், காவலன் அளந்து போட்ட அரிசியே உயிரின் அளவாக இருந்தது.

சேப்மன் 1945 மே மாதத்தில் பங்கோர்த் தீவின் கரையிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் ஏறித் தப்பினார். அவருடைய நூல் அச்சேறிய 1949இல் நாட்டில் மீண்டும் காட்டுப்போர் நடந்துகொண்டிருந்தது. முன்னர் அவரோடு பாசறையில் இருந்தவர்களே இப்போது அரசின் பகைவர்கள். 1948 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அக்காலத்தில் அரசு காட்டை நடுநிலையானது என்று நம்பியிருந்தால், காட்டுக்குள் மட்டுமே படையை அனுப்பியிருக்கும். 1950இல் பிரிக்ஸ் திட்டம் வகுத்தவர்கள் காட்டோரத்தை நோக்கித் திரும்பினர். ஏறத்தாழ ஐந்து இலட்சம் குடியேறிகள் பெயர்க்கப்பட்டு, முள்வேலி சூழ்ந்த புதுக்கிராமங்களில் அமர்த்தப்பட்டனர். தோட்டங்களிலும் சிதறிக்கிடந்த லயங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டு வேலியிடப்பட்டன. அரிசி பங்கீட்டுக்கு உள்ளாயிற்று. மூட்டையரிசி காட்டுக்குப் போய்விடும் என்பதால், சில வட்டாரங்களில் பொதுச் சமையற்கூடங்களில் வடித்த சோறே வழங்கப்பட்டது. வெப்ப நாட்டில் சோறு ஒரு நாளுக்கு மேல் தாங்காது என்பதே கணக்கு. விடியுமுன் பால்மரம் வெட்டப் புறப்பட்ட ஆணும் பெண்ணும் வேலிவாயிலில் நிறுத்தப்பட்டு, வாளியும் மடியும் தலைத்துணியும் சோதிக்கப்பட்ட பின்னரே வெளியே விடப்பட்டனர்.